கேளுங்கோ, சொல்லுறன்: ஸ்காபரோவில இப்ப ஆர் இருக்கினம்?

போன இதழில நான் ரொறன்ரோவில 22 வருசம் இருந்தனான் எண்டு ஒரு வரி எழுதினன், அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதத்தில முக்கால்வாசி அதைப் பற்றித்தான், அதிலயும் ரொறன்ரோவின்ர கிழக்குப் பக்கத்தில இருக்கிற ஸ்காபரோவைப் பற்றி. நெல்லுக்கு எரி பூச்சி வந்ததைக் கேட்ட பரந்தன் ஐயா குறை நினைக்காதேங்கோ, உங்களுக்கு அடுத்த முறை எழுதுறன்.

மகனுக்குப் படிக்கிறதுக்கு கனடா விசா சரிவந்திட்டுது. என்ர ஒண்டுவிட்ட அண்ணா அங்க இருக்கிறார், அவர் சொல்லுறார் ஸ்காபரோவுக்கு விடாத, அங்க இப்ப எங்கட ஆக்கள் இல்லை, எல்லாரும் மார்க்கம், ஏஜாக்ஸ் எண்டு போட்டினம் எண்டு. ஸ்காபரோ எண்டால் தமிழ் ஊர் எண்டுதானே 30 வருசமாக் கேள்விப்பட்டனாங்கள்?
*— விசுவமடுவில இருந்து ஒரு அம்மா*

அம்மா, அண்ணா சொல்லுறது அரைவாசி சரி. ஆக்கள் இல்லை எண்டது பொய், கடையும் கோயிலும் சனமும் அங்க நல்லா இருக்கு. ஆனா வீடு வாங்கக் கூடினவை கனபேர் வடக்காலயும் கிழக்காலயும் போட்டினம், அது உண்மை. உங்கட அண்ணாவும் போனவரில ஒருத்தராத்தான் இருக்கும், போன ஆள் விட்டிட்டுப் போன இடத்தை நல்லது எண்டு சொல்லமாட்டார், அது எங்க போனாலும் அப்பிடித்தான்.

நான் 1991-ல போய் இறங்கேக்க என்னைக் கொண்டுபோய் விட்டது ஸ்காபரோவில இல்லை. டவுண்ரவுனுக்குப் பக்கத்தில சென்ற் ஜேம்ஸ் ரவுண் எண்டு ஒரு இடம், 1960-களில கட்டின மாடிக் கட்டிடங்கள் நெருக்கமா நிக்கும், அதில ஒரு ரெண்டு அறை வீட்டில நாங்கள் ஏழு பேர். ஏன் அங்க எண்டால் வேற ஒண்டுமில்லை, எனக்கு முதல் வந்த மச்சான் அங்க இருந்தவர். அவர் ஏன் அங்க இருந்தவர் எண்டால் அவருக்கு முதல் வந்தவர் அங்க இருந்தவர். புதுசா வந்தவனுக்கு ஆர் வாடகைக்குக் குடுப்பான், சம்பளத் துண்டு இல்லை, பேங்கில கணக்கு இல்லை, அப்ப பழைய ஆளின்ர பேரில தொத்திக்கொண்டு நிக்கிறதுதான். லிஃப்றுக்குள்ள எங்கட மீன்குழம்பு மணத்துக்கு ஒரு கிழவி ஒவ்வொரு நாளும் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவா, மூண்டு வருசத்தால பாத்தால் அந்த லிஃப்றில மூக்கைப் பொத்த ஒருத்தரும் இல்லை, எல்லாம் நாங்கள்தான்.

பிறகு கலியாணம், பிள்ளை, கொஞ்சம் இடம் வேணும், ஃபக்ரறி வேலை ஸ்காபரோப் பக்கம், அப்ப அங்க மாறினனாங்கள். ஸ்காபரோ முதல் ஆற்ற ஊர் எண்டு நினைக்கிறியள்? இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, 1950-களில 60-களில, தொழிற்சாலை வேலைக்காரருக்கெண்டு கட்டின சின்னச் சின்ன வீடுகள், அனேகமா வெள்ளைக்காரக் குடும்பங்கள். கோல்டன் மைல் எண்டு ஒரு றோட் முழுக்க ஃபக்ரறியள், 1959-ல எலிசபெத் மகாராணியே வந்து பாத்திட்டுப் போனவ. அங்க இருந்த ஜெனரல் மோட்டர்ஸ் வான் செய்யிற ஃபக்ரறி 1993-ல பூட்டுப்பட்டுது. வேலை போக, பழைய ஆக்களின்ர பிள்ளையள் வெளியால போக, பக்கத்தில நிண்ட மாடிக் கட்டிடங்களின்ர வாடகை மற்ற இடத்தைவிடக் குறைஞ்சு நிக்க, நாங்கள் போய்ப் பூந்தனாங்கள். எங்களோட சீனர், ஃபிலிப்பீன்ஸ் ஆக்கள், ஜமேக்கா ஆக்கள், குஜராத்திகள். ஒருத்தரும் ஒருத்தரையும் கலைக்கேல்லை அம்மா, காலியான இடத்துக்கு காசு குறைஞ்சவன் வந்தான், அவ்வளவுதான் கதை.

பேந்து ஏன் மார்க்கம்? அங்க ஸ்ரீல்ஸ் எண்டு ஒரு நீட்டு றோட், அதுக்குத் தெற்கால ரொறன்ரோ, வடக்கால மார்க்கம், நாங்கள் ஏ9 றோட்டுக்கு அங்கால இஞ்சால எண்டு சொல்லுற மாதிரி. வடக்கால வயலும் வெளியுமாக் கிடந்த காணியில புது வீடுகள் கட்டி வித்தவங்கள், பேஸ்மென்ற் பெரிசு, ரெண்டு கார் விடலாம், அம்மா அப்பாவை ஊரில இருந்து கூப்பிட்டா ஒரு அறை குடுக்கலாம். 2008-ல இருந்து ரொறன்ரோவுக்குள்ள வீடு வாங்கினா மாகாண வரிக்கு மேல நகரசபைக்கும் தனியா ஒரு வரி, றோட்டைக் கடந்தா அது இல்லை. இதையெல்லாம் கணக்குப் பாத்துத்தான் சனம் போனது, "தமிழ் ஆக்கள் போகினம் நாங்களும் போவம்" எண்டது ரெண்டாவதுதான், அதுவும் இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்லை.

மகனுக்கு ஸ்காபரோவே காணும். படிக்கிற பெடியனுக்கு பஸ் ஓடுற இடம் வேணும், மார்க்கத்தில கார் இல்லாட்டிக் கால் இல்லாத மாதிரி. ஒரு விசயம், ஸ்காபரோவில ஓடின குட்டி ரயில் 2023-ல தடம் புரண்டதோட நிப்பாட்டிப் போட்டாங்கள், இப்ப அதுக்குப் பதில் பஸ்தான், குளிருக்க நிக்க நல்ல சப்பாத்து வாங்கிக் குடுத்து விடுங்கோ.

தமிழ் ஆக்கள், சீன ஆக்கள் வந்து குடியேறினா வெள்ளைக்காரர் வீட்டை வித்துப்போட்டு ஓடுவினமாம். யூரியூப்பில பாத்தனான். உண்மையோ?
*— மாங்குளம் பெடியன்*

தம்பி, ஓடினவையும் இருக்கினம், ஓடாமல் வயசு போய்ச் செத்துப்போன பிறகு பிள்ளையள் வித்ததும் இருக்கு, ரெண்டையும் ஒண்டாச் சேத்து "ஓடினம்" எண்டு சொல்லுறதுதான் யூரியூப்.

அமெரிக்காவில இது பெரிய வியாபாரமாவே நடந்தது. சிகாகோ மாதிரி நகரங்கள்ல 1950-கள் 60-களில வீட்டுப் புரோக்கர்மார் ஒரு தெருவுக்குள்ள போய் "கறுப்பினத்தவர் வரப்போகினம், பிறகு வீட்டுக்கு விலை இராது" எண்டு வெள்ளைக்காரரைப் பயப்பிடுத்தி அறாவிலைக்கு வாங்கிறது, அதே வீட்டை கறுப்பினக் குடும்பத்துக்கு கொள்ளை விலைக்கு விக்கிறது. நடுவில நிண்டவன் ரெண்டு பக்கத்திலயும் உழைச்சான். 1968-ல சட்டம் போட்டுத்தான் அதைத் தடுத்தவை.

ரொறன்ரோவில அந்தளவுக்கு இல்லை, ஆனா சத்தம் இருந்தது. ஸ்காபரோவுக்குள்ள அஜின்கோர்ட் எண்டு ஒரு இடம், 1984-ல அங்க ட்ராகன் சென்ரர் எண்டு சீனக் கடைத்தொகுதி ஒண்டு வந்தது. பார்க்கிங் இல்லை, ட்ராஃபிக் கூடிப்போச்சு எண்டு ஊர்ச்சனம் கூட்டம் போட்டவை, பார்க்கிங்குக்கு அடியில என்ன இருந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்தின்ர பேரையே "ஏசியன்கோர்ட்" எண்டு நக்கலாச் சொல்லத் தொடங்கினவை, இப்ப அதே பேரை அங்க இருக்கிற ஆக்களே பகிடியாச் சொல்லுவினம். 1995-ல மார்க்கத்தின்ர துணை மேயர் அம்மா ஒராள் சீனர் ஒரே இடத்தில குவியிறதால மற்றவை ஊரை விட்டுப் போகினம் எண்ட மாதிரிக் கதைச்சு பெரிய பிரளி, அக்கம்பக்கத்து மேயர்மாரே அவவுக்கு எதிராக் கதைச்சவை. ரெண்டு வருசத்தில, 1997-ல, அதே மார்க்கத்தில பசிஃபிக் மோல் திறந்தாச்சு.

இதில எனக்குப் பிடிச்ச கதை வேற. தோமஸ் ஷெலிங் எண்டு ஒரு பொருளியல்காரர், 2005-ல நோபல் பரிசு எடுத்தவர், 1971-ல ஒரு விளையாட்டைக் காட்டினவர். போன கிழமை அதை மருமகன்ர பிள்ளையளோட முத்தத்தில செய்து பாத்தன். மணல்ல எட்டுக்கு எட்டுக் கட்டம் கீறி, புளியங்கொட்டை கொஞ்சம் வேப்பங்கொட்டை கொஞ்சம் கலந்து கண்டபடி வைச்சு, கொஞ்சக் கட்டத்தை வெறுமையா விட்டம். விதி ஒண்டுதான்: உன்ர சுத்துவட்டாரத்தில மூண்டில ஒரு பங்காவது உன்ர சாதிக் கொட்டை இருந்தால் இரு, இல்லாட்டி வெறுங் கட்டத்துக்கு மாறு. ஒருத்தருக்கும் மற்றவரில கோபம் இல்லை, மூண்டில ரெண்டு பங்கு மற்ற ஆக்கள் எண்டாலும் ஓம் எண்டு இருக்கிற கொட்டையள். எண்டாலும் மாத்தி மாத்தி வைக்க ஒரு மூலையில புளியங்கொட்டை, ஒரு மூலையில வேப்பங்கொட்டை எண்டு தன்பாட்டில பிரிஞ்சு நிண்டுது. சின்னவள் கேட்டாள், "தாத்தா, இதுகள் சண்டை பிடிச்சதே?" எண்டு. இல்லையடி எண்டன். அவள் நம்பேல்லை. கடைசியில கோழி வந்து கிளறி எல்லாத்தையும் கலந்து விட்டது.

ரொறன்ரோவில எங்கட சனம் எத்தினை வீதம்?
*— புதுக்குடியிருப்பு*

வீதத்தைக் கேட்டா கணக்கெடுக்கிறவன்ர படிவத்தில இருக்கிற பெட்டியைப் பற்றி முதல்ல தெரிஞ்சிருக்க வேணும். கனடாச் சனத்தொகைக் கணக்கெடுப்பில எல்லாருக்கும் ஒரு சின்னப் படிவம், நாலில ஒரு வீட்டுக்கு நீட்டுப் படிவம், இனம் கேக்கிறது அந்த நீட்டில. அதில எங்களுக்கு இருக்கிற பெட்டி "சவுத் ஏசியன்". பஞ்சாபிக்கும் அதே பெட்டி, குஜராத்திக்கும் அதே, பாகிஸ்தான்காரனுக்கும் அதே, சிங்கள ஆளுக்கும் அதே, அந்தப் பெட்டியை வைச்சு எங்கட வீதத்தைத் தனியாச் சொல்லேலாது. அதால வரைபடத்தில பாத்தா பஞ்சாபிகள் கனபேர் இருக்கிற பிரம்ரன் நகரமும் ஸ்காபரோவின்ர ஒரு துண்டும் ஒரே நிறமா இருக்கும், நேர போய்ப் பாத்தா ஒண்டில குருத்துவாரா, மற்றதில கொத்துரொட்டிக் கடை. 2021 கணக்கின்படி ரொறன்ரோ நகரத்தில 55.7 வீதம் வெள்ளையர் அல்லாத ஆக்கள், 46.6 வீதம் வெளிநாட்டில பிறந்து வந்தவை. மார்க்கத்தில வெள்ளையர் அல்லாதவை 80 வீதத்துக்கு மேல, அதில பெரும் பங்கு சீனர், எங்கட ஆக்கள் சொல்லிக்கொண்டு திரியிற மாதிரி அது தமிழ் நகரம் இல்லை.

சேர், நான் கிளிநொச்சியில சமூகக்கல்வி படிப்பிக்கிறன். பிள்ளையள் வகுப்பில கேக்கினம், ரொறன்ரோவில சனம் மாறினதும் எங்கட மணலாற்றில சனம் மாறினதும் ஒண்டுதானே, அங்க நாங்கள் செய்தால் சரி, இஞ்ச மற்றவை செய்தால் பிழையோ எண்டு. நான் என்ன சொல்ல?

மாஸ்டர், பிள்ளையள் நல்ல கேள்வி கேக்குதுகள், அதை மழுப்பாதேங்கோ.

ஒரு ஆள் சூட்கேசோட வந்து, வாடகை குடுத்து, பக்கத்து வீட்டுக்காரன் விரும்பி வித்தால் வாங்கி இருக்கிறது ஒண்டு. அரசாங்கம் ஆமியை விட்டு ஆக்களை எழுப்பி, பேரை மாத்தி, வேற ஆக்களைக் கொண்டுவந்து இருத்திறது வேற ஒண்டு. 1984-ல மணலாற்றுப் பக்கத்துச் சனத்தை வெளிக்கிடுத்தினது ஆர், பிறகு அதுக்கு வெலிஓயா எண்டு பேர் வைச்சது ஆர் எண்டதை உங்கட வகுப்பிலயே பாட்டன் பாட்டியிட்டக் கேட்டுச் சொல்லக் கூடிய பிள்ளை இருக்கும். சென்ற் ஜேம்ஸ் ரவுணில மூக்கைப் பொத்தின கிழவியை ஒருத்தரும் துவக்கு காட்டி எழுப்பேல்லை, அவவா விரும்பின நாள் வாடகையை முடிச்சுக்கொண்டு போனவ. சனத்தொகை மாறுறது பிழையில்லை, எப்பிடி மாறினது எண்டதுதான் கேள்வி.

ஆனா மாஸ்டர், இதையும் சொல்லுங்கோ. கிளிநொச்சியே குடியேறினவையின்ர ஊர்தான். 1930-களில தொடங்கி குளத்துக்குக் கீழ காணி குடுத்து யாழ்ப்பாணத்துச் சனத்தைக் கொண்டுவந்தவை, வட்டக்கச்சி, இராமநாதபுரம், உருத்திரபுரம் எல்லாம் அப்பிடி எழும்பின ஊருகள். பிறகு 1958, 1977, 1983 எண்டு ஒவ்வொரு கலவரத்துக்கும் அடி வாங்கி மலையகச் சனம் வன்னிக்கு வந்தது. அந்தச் சனத்தை நாங்கள் என்ன மாதிரி வைச்சிருந்தனாங்கள்? காணி உறுதி இல்லாமல், கூலிக்கு மட்டும் கூப்பிட்டு, கதைக்கிற தமிழையே நெளிச்சுக் காட்டி. ஸ்காபரோவில எங்களைப் பாத்து மூக்கைப் பொத்தினது பிழை எண்டால் இதுவும் பிழைதானே. என்ர சொந்த ஐயாவே "தோட்டக்காட்டான்" எண்டு சொல்லி நான் கேட்டிருக்கிறன், எனக்கு அப்ப அது வித்தியாசமாப் படேல்லை, 20 வருசம் கழிச்சு ஒரு ஃபக்ரறியில சுப்பர்வைசர் என்னைப் பாத்து வேற ஒரு சொல்லுச் சொல்லேக்கதான் ஐயாவின்ர குரல் ஞாபகம் வந்தது.

அங்க சைனாரவுண், லிட்டில் இற்றலி எண்டெல்லாம் இருக்காமே, அப்ப லிட்டில் யாழ்ப்பாணம் இல்லையோ?
*— ஒட்டுசுட்டான் வாசகி*

தங்கச்சி, லிட்டில் இற்றலியில இத்தாலிக்காரரைத் தேடினா கோப்பிக் கடையில ரெண்டு கிழவர் இருப்பினம், மற்றவை எப்பவோ வடக்கால வோன் நகரத்துக்குப் போட்டினம். பேர்ப் பலகைதான் மிச்சம். கென்சிங்டன் மார்க்கெற் முதல் யூதரின்ர சந்தை, பிறகு போர்த்துக்கீசர், பிறகு கலவை. பழைய சைனாரவுணை இடிச்சுத்தான் 1965-ல திறந்த புது நகரசபைக் கட்டிடத்துக்கு இடம் எடுத்தவை, சீனர் மேற்கால ஸ்பதைனா றோட்டுக்கு நகர்ந்தினம், அது ஏலவே யூதர் இருந்து விட்டுப்போன இடம். இதில ஒண்டு கவனியுங்கோ, இடிச்சது அரசாங்கம், நகர்ந்தது சனம்.

நான் இருந்த றோட்டில ஒரு கடை, முதல் ஒரு கிரேக்க ஆளின்ர டோனற் கடை, பிறகு வீடியோக் கசெற் கடை, எங்கட ஆள், பிறகு நகைக்கடை, இப்ப ஆப்கான் ஆள் ரொட்டி சுடுறார். வெயில் பட்டா போர்ட்டில அந்தப் பழைய டோனற்றின்ர வட்டம் பெயின்றுக்கு அடியால மங்கலாத் தெரியும்.

லிட்டில் யாழ்ப்பாணம் எண்டு பாரிஸில லா ஷப்பல் பக்கத்தைச் சொல்லுவினம், கொழும்பில வெள்ளவத்தையைச் சொல்லுவினம். பாரிஸில எங்கட கடை அங்க, குடியிருக்கிறது அனேகமானவை வெளியால, விடிய ரயிலில வந்து கடை திறந்து இரவு போவினம். கடைத்தெரு தமிழ், மாடியில வீடு வேற ஆக்கள்.

வெள்ளவத்தையில மகள் ஃபிளற் வாங்கப் போறாள். பயமா இருக்கு. திரும்பவும் கலைச்சா?
*— வவுனியா, ஓய்வுபெற்ற தாதி*

அக்கா, பயத்தைப் பிழை எண்டு சொல்ல எனக்கு வாயில்லை. 2007 ஜூன் 7 விடிய கொழும்பு லொட்ஜுகள்ல இருந்த தமிழரை எழுப்பி பஸ்ஸில ஏத்தி அனுப்பினது உங்கட வவுனியாவுக்கும் கிழக்குக்கும்தானே, எல்லாமாச் சேத்து 376 பேர் எண்டு கணக்கு. நீங்கள் அப்ப ஆசுப்பத்திரியில வேலை செய்திருப்பியள், வந்த சனத்தைப் பாத்தும் இருப்பியள். அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் தடை போட்டுது, பிரதமரும் பிறகு வருத்தம் சொன்னவர். லொட்ஜில இருந்தவைதான் முதல்ல அகப்பட்டது, உறுதியோட வீடு வைச்சிருந்தவையை பஸ்ஸில ஏத்தேல்லை, ஆனா 1983-ல உறுதி ஒருத்தரையும் காப்பாத்தேல்லை எண்டதும் தெரியும். கொழும்பு மாநகரத்துக்குள்ள 2012 கணக்கில ஒரு இனமும் தனிய பாதிக்கு மேல இல்லை. சிங்களம், தமிழ், முஸ்லிம் மூண்டும் ஒண்டுக்குள்ள ஒண்டு. அதை நினைச்சுத்தான் மகள் துணிஞ்சிருப்பாள். லோயரிட்ட உறுதியை ஒழுங்காப் பாக்கச் சொல்லுங்கோ, லிஃப்ற் மெயின்ரெனன்ஸ் காசு மாசம் எவ்வளவு எண்டும் கேக்கச் சொல்லுங்கோ, அதில கனபேர் மாட்டுப்படுகினம்.

ஸ்காபரோவில இருக்கிற மாமா ஃபோன் எடுத்தா ஒரே புலம்பல், "இப்ப வந்த ஸ்ரூடன்ற் பெடியள் ஊரையே கெடுத்திட்டாங்கள், பேஸ்மென்ற்றில பத்துப் பேர் இருக்கிறாங்கள்" எண்டு. ஏன் இப்பிடி?
*— முள்ளியவளை*

பேஸ்மென்ற்றில பத்துப் பேரோ, நாங்கள் ரெண்டு அறையில ஏழு பேர், மாமா எத்தினை பேரோட இருந்தவர் எண்டு ஒருக்காக் கேட்டுப் பாரும். வீட்டு வாடகை ஏறினதுக்கு காரணம் வந்த பெடியன் இல்லை, அவனுக்கு ஒரு கட்டிலை வாடகைக்கு விடுறது ஆர்? எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டில ஒரு அறைக்குள்ள நாலு மெத்தை, வீட்டுக்காரர் எங்கட ஆள், பெடியள் ஹீற்றரைக் கூட்டாமல் மேல இருந்துகொண்டு அதின்ர சுவிட்ச் பெட்டியைப் பூட்டி வைக்கிறார். 2024-ல கனடா அரசாங்கம் படிக்க வாற ஆக்களின்ர எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட்டுது, இனி மாமாவின்ர ஆக்களே பேஸ்மென்ற்றுக்கு ஆள் இல்லை எண்டு புலம்புவினம், எழுதி வைச்சுக்கொள்ளும்.

மார்க்கத்தில வன்னி அவென்யூ எண்டு றோட் இருக்கெண்டு அண்ணா சொல்லுறார். பொய்தானே?
*— நெடுங்கேணி, 9ஆம் வகுப்பு மாணவன்*

பொய் இல்லையடா, இருக்கு. ஊருக்கு வரமுதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த றோட்டாலதான் போனனான், மூலையில பச்சைப் போர்ட்டைக் கண்ட உடன காரை ஓரம் கட்டி இறங்கி ஃபோனில படம் எடுத்தன். தனி வீடுகள், ஒரு வாசல்ல கறிவேப்பிலைச் சட்டி, அடுத்த வாசல்ல சிவப்புச் சீன விளக்கு. ஒரு சீன அம்மம்மா கீரைப் பையோட நடந்து வந்தவ, நான் போர்ட்டைப் படம் எடுக்கிறதைக் கண்டிட்டு நிண்டா. இது என்ர ஊரின்ர பேர் எண்டு சொல்ல வாயெடுத்தன், அதுக்குள்ள அவ கையை நீட்டி ரெண்டாம் வீட்டைக் காட்டி, "அதை விக்கப்போகினம், வாங்கப் போறியோ, விலை கூடச் சொல்லுவாங்கள், நீ குறைச்சுக் கேள்" எண்டா.